கேட்காமல் திறந்த திரை

ஆரணியிலிருந்து வேலூருக்குக் காலை பஸ்ஸில் வருவதென்றால் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும், டாக்டர். வலப்பக்கம் உட்கார்ந்தால் வழி முழுக்க முகத்தில் வெயில் அடிக்கும். இதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான், கல்யாணமான புதிதில். இன்று பஸ்ஸில் ஏறியதும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "அம்மணி, நான் எந்தப் பக்கம் ஒக்காரணும்?" என்று கேட்டார். பின்னால் ஏறுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். நான் ஜன்னல் ஓரத்தைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

உங்கள் கேள்வியைத் தள்ளிப்போட இதைச் சொல்லவில்லை. "ஸ்கேன் போன வருஷம் மாதிரியேதான் இருக்கு. கணக்கு கேட்டா சொல்றார், படம் காட்டினா பேர் சொல்றார். ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி திரும்பி உங்களைப் பாக்கறார். இது எப்ப ஆரம்பிச்சதும்மா?" என்று கேட்டீர்கள். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கேட்டீர்கள். சுபத்ரா டாக்டர் பொறுமையாகக் கேட்பார் என்று ஊரில் சொன்னது சரிதான்.

என்னிடம் நேராக ஒன்றைக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

அவர் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். நெய்தவர் என் மாமனார். குழித்தறியில் புதுப் பாவு ஏற்றி முதல் இழையைக் குறுக்கே விடும் முன், வீட்டின் உள்பக்கம் பார்த்து "போடலாமா?" என்று குரல் கொடுப்பார். வீட்டிலிருந்து யாராவது "போடு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இழை கோத்த நாடா தறியில் ஓடாது. நான் மருமகளாக வந்தபோது அந்தப் பதில் மாமியாருக்கு உரியதாக இருந்தது. ஒருமுறை மாமியார் வந்தவாசிக்குப் போயிருந்தார். மாமனார் குரல் கொடுத்தார். நான் அடுப்பை விட்டு எழுந்து வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்தே "போடு மாமா, போடு" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமனாரோடு தறி போயிற்று. இவர் கம்ப்யூட்டருக்கு வந்தார். கரையும் முந்தானையும் திரையில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறியின் தலையில் மாட்டுவார்கள். இவருக்கு வேலை கொடுத்த பட்டு முதலாளிகள் இரண்டு பேர். முள்ளிப்பட்டில் தசரதன், ஆரணியிலேயே தனசேகரன். ஒருவருடைய டிசைன் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. அதில் தவறிய டிசைன்காரனை அதன்பிறகு யாரும் வாசலில் ஏற்றமாட்டார்கள்.

அதற்காக அவருடைய தங்கை மகன் அன்பரசு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். வந்தவாசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு அறை மாதிரி. போட்டதும் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டு வரி இருக்கும். முதல் வரி தசரதன், இரண்டாவது வரி தனசேகரன். எதற்குள் போகட்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டினால் அந்த அறை திறக்கும். இந்த அறையில் இருந்துகொண்டு அந்த அறையை எட்டிப்பார்க்க முடியாது. தசரதன் அறையில் படவேடு ரேணுகாம்பாள் படம் வைத்திருந்தார். தனசேகரன் அறையில் திருத்தணி முருகன்.

கறுப்புத் திரை வந்ததும் இவர் வாய்விட்டு "போடு" என்று சொல்லித்தான் என்டர் தட்டுவார். அப்பாவின் பழக்கம் பிள்ளைக்கு இப்படி வந்தது. திரை கேட்கும். இவர் பதில் சொல்வார். தினமும் காலையில் அடுப்படியிலிருந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, அதுமட்டும்தான். அன்பரசுவின் அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தபோது செல்லியம்மாள் பெரியம்மா இவரைப் பார்த்துக் கேட்டார், "இன்னா ஜீவா, பையன நீயே வெச்சிக்கிறியா?" இவர் ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "வேணாம் பெரீம்மா. அவன் அப்பன் வூட்லியே வளரட்டும்" என்றார். நான் அடுப்படிக் கதவில் நின்றுகொண்டிருந்தேன். இவர் திரும்பிப் பார்த்திருந்தால் என்னைப் பார்த்திருப்பார். அலமாரியின் கீழ்த்தட்டை அன்று காலையே காலி செய்து துடைத்து வைத்திருந்தேன். சின்னச் சட்டைகளுக்கு அது போதும் என்று நினைத்தேன். பிறகு அதில் பழைய பேப்பர் வைத்தேன்.

போன வருஷம் ஆடியில் அவருக்கு வாதம் வந்தது. நீங்கள்தான் பார்த்தீர்கள். வலது கை விழுந்தது, வாய் கோணியது, சொல் வரத் திணறியது. வீட்டுக்கு வந்து படுத்த முதல் வாரத்தில், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அம்மணி, போடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு "போடுங்க" என்றேன்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கேட்டார். மாத்திரையை வாயில் போடலாமா. செருப்பைப் போடலாமா. குழம்பைச் சோற்றில் போடலாமா. பயத்தில் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், டாக்டர், அந்தச் சில மாதங்கள் மாதிரி எனக்கு வேறொரு காலம் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு விருத்தாம்பாள், "இன்னாடி இது, புருசனுக்கு நோவு வந்தா பொம்பள எளச்சிப் பூடுவா. நீ இன்னான்னா மினுமினுன்னு கீறியே" என்று கேலி செய்தாள். "சும்மா இரு, அக்கா" என்றேன்.

நீங்கள்தான் சொன்னீர்கள், பழைய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யட்டும், அவராகச் செய்யட்டும், யாரும் கைகொடுக்க வேண்டாம் என்று. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். கறுப்புத் திரை பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் தட்டாவிட்டால் தானாக முதல் வரிக்குள் போய்விடும். இவருடைய கை அம்புக்குறிக்குப் போய்ச் சேருவதற்குள் பத்து விநாடி ஆகிவிடும். தனசேகரன் அறை வேண்டும், தசரதன் அறை திறந்துகொள்ளும். அணைத்துப் போடுவார், மறுபடியும் அதே. ஒருநாள் விசைப்பலகையின் மேல் தலையை வைத்து அழுதார்.

அன்பரசுவுக்குப் போன் செய்தேன். நான் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் முடித்து, ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அவன் சொல்லச் சொல்ல நானே செய்தேன்.

"அத்தை, மொதல் ரூமுக்குள்ள போயி அந்த ஃபைலத் தொறந்துக்கங்க. டைம்அவுட்னு ஒரு வரி கீதா? பத்துன்னு இருக்கும். அத மைனஸ் ஒண்ணு ஆக்குங்க. அப்புறம் நான் சொல்ற வரிய அடிச்சி என்டர் தட்டிட்டா ஆச்சி. இனிமே மாமா அமுக்கற வரைக்கும் அது நிக்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் நிக்கும்."

"பூஜ்யம் போட்டா இன்னாடா ஆவும்?"

"பூஜ்யம் போட்டா கேக்கவே கேக்காது அத்தை. நேரா மொத வரிக்குப் பூடும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன். அன்று சும்மாதான் கேட்டேன்.

மறுநாள் காலை இவர் உட்கார்ந்தார். திரை நின்றது. விரல் மெல்ல மெல்ல ஊர்ந்து போய்ச் சேரும் வரை நின்றது. "போடு" என்றார், குழறலாக. முருகன் வந்தார். இவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கோணல் வாயில் அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

தை மாதத்துக்குள் கை தேறிவிட்டது. வாய் நேரானது. அவர் என்னிடம் கேட்பது ஒவ்வொன்றாக நின்றது. முதலில் மாத்திரை. பிறகு சட்டை. ஒருநாள் அவராகவே செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார், என்னிடம் சொல்லாமல். கடைசியில் காலையில் அந்த ஒரு "போடு" மட்டும்தான் மிச்சம். அதுவும் எனக்கு இல்லை.

பங்குனியில் ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது நான் அந்த வரியில் பூஜ்யம் போட்டேன்.

என்ன நினைத்து என்று நீங்கள் கேட்பீர்கள். வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். திரும்பவும் ஏதாவது வந்துவிடக்கூடாதே என்ற பயமும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

தலை துவட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். விரலை அம்புக்குறியின் மேல் தயாராக வைத்திருந்தார். கறுப்புத் திரை வரவில்லை. ரேணுகாம்பாள் வந்தாள்.

"அம்மணி, இது கேக்கவே இல்லியே."

அடுப்படியிலிருந்து, "கேட்டுச்சே. நீங்கதான் அமுக்கினீங்க" என்றேன்.

"நான் அமுக்கலியே."

"நான்தான் பாத்துகினு இருந்தேனே."

அவர் விரலைத் தூக்கிப் பார்த்தார். அது வேறு யாருடைய விரலோ என்பது மாதிரி பார்த்தார். பிறகு, "அப்படியா?" என்றார்.

அவ்வளவுதான், டாக்டர். நீங்கள் கேட்ட ஆரம்பம் இதுதான்.

தினமும் செய்யவில்லை. சில நாள் மைனஸ் ஒன்று, சில நாள் பூஜ்யம். கேட்கிற நாளில் அவர் முகம் தெளிந்துவிடும். கேட்காத நாளில் இரண்டு முறை, மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். "போதும், நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்று தட்டில் கொஞ்சம் பழம் நறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "சாப்பிடலாமா?" என்று கேட்பார். "சாப்பிடுங்க" என்பேன்.

ஆடி வெள்ளிக்குப் படவேடு போகும் வழியில் அன்பரசுவும் அவன் பெண்டாட்டி சரண்யாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்ததும் மைனஸ் ஒன்று போட்டுவிட்டேன். அன்பரசு அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரை வந்து கேட்டது.

"நல்லாத்தான கேக்குது மாமா."

"இல்லடா. சில நாளு கேக்கறதில்ல."

"சில நாளு கேக்கும், சில நாளு கேக்காதுன்னா அது மிசின் இல்ல மாமா, கவர்மென்ட் ஆபீசு."

சரண்யா சிரித்தாள். இவரும் சிரிக்கப் பார்த்தார். அன்பரசு போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "அத்தை, மாமாவுக்கு ஞாபகம் பிசகுதோ?" என்று மெதுவாகக் கேட்டான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் தினமும் பிடித்திருப்பான்.

இவர் கூடத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் மிஷின் கேட்கவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டார்.

ஒரு காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கையில் காபி டம்ளரோடு வந்தவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே அவர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, திரைக்கு முகத்தை மிக அருகில் கொண்டுபோய், "கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கேளு சாமி. ஒரே ஒரு தபா கேளு." அது பூஜ்யம் போட்ட நாள். நான் டம்ளரைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். காபி ஆறிவிட்டது. வேறு போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் வேறு யாரிடமாவது கேட்டால் அதைத்தான் சொல்வார்கள்.

தனசேகரன் தன் மகளின் முகூர்த்தப் புடவைக்கு ஒரு கரை கேட்டிருந்தார். வேப்பங்கொத்தில் உட்கார்ந்த கிளி, திரும்பிப் பார்க்கும் கிளி. ஒரே தறியில் ஒரே புடவை நெய்துவிட்டு அட்டையை எரித்துவிடுவதாகப் பேச்சு. மகளுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இவரும் அதற்காகக் காகிதத்தில் பல நாள் போட்டுப் போட்டு அழித்தார். கம்ப்யூட்டரில் போடத் தொடங்கியது பூஜ்யம் போட்ட ஒரு நாளில். திரையில் ரேணுகாம்பாள் இருந்தாள்.

"அம்மணி, நான் எந்த ரூம்ல கீறேன்?"

"தனசேகரன் ரூம்தான்."

"ஆத்தா படம் கீதே?"

"போன வாரம் நீங்கதான மாத்தினீங்க. ஆத்தா படத்தை இங்க வெச்சி, முருகன அங்க வெச்சீங்க. மறந்துட்டீங்களா?"

அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். கண் ஒன்று சொல்கிறது, நான் ஒன்று சொல்கிறேன். அவர் என் சொல்லை எடுத்துக்கொண்டார். "ஆமா, மாத்தினேன்" என்றார். பிறகு கிளியைப் போட ஆரம்பித்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் நம்புவாரா என்று பார்க்கச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

முள்ளிப்பட்டிலிருந்து தசரதனின் ஆள் வந்து, வழக்கம்போல அந்த அறையில் இருந்ததையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார். கிளியும் போகிறது என்று அப்போது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வந்த ஆளுக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

தனசேகரனின் மகள் கழுத்தில் தாலி ஏறும் முன்பே அந்தக் கிளிக் கரை வந்தவாசிக் கடையொன்றில் தொங்கியது. பெண்ணின் நாத்தனாரே அதில் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு நிச்சயத்துக்கு வந்து நின்றாளாம்.

தனசேகரன் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை. "அண்ணே, நீங்க எங்கப்பா காலத்து மனுசன். வேற யாருன்னாலும் நான் போலீசுக்குப் போயிருப்பேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க பொண்ணு கரைய நீங்க முள்ளிப்பட்டுக்குக் குடுத்தீங்களா?" என்றார்.

இவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அம்மணி, நான் குடுத்தனா?"

முன்பு ஒருநாள் அதே கூடத்தில் அவர் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை என்று சொன்னேன் இல்லையா. இப்போது திரும்பியிருந்தார். வெளியாள் ஒருவர் நிற்கும்போது, தன் மானத்தை என் வாயில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஆமாங்க" என்றேன். "தெரியாமதான் குடுத்தீங்க. ரூம் மாறிப் போச்சி."

தனசேகரனின் முகம் இளகிவிட்டது. "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே. இனிமே வேல வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தசரதனும் ஆள் அனுப்பித் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டார். இவர் யாரோடும் வாதாடவில்லை. கம்ப்யூட்டரின் மேல் அவரே ஒரு துண்டைப் போட்டு மூடினார். மூடும் முன் என்னைக் கேட்டார்.

இப்போது அவர் சட்டைக்குக் கேட்கிறார், மாத்திரைக்குக் கேட்கிறார். தாகம் எடுத்தால், தனக்குத் தாகமா என்று என்னைக் கேட்கிறார். ராத்திரி தூங்கும் முன், "நான் ஜீவானந்தம்தான?" என்றுகூட ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். அதில் எனக்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சில சமயம் எனக்கு அந்தப் பழைய மனிதர் ஞாபகம் வருகிறார், டாக்டர். செருப்பைப் போட்டுக்கொண்டு சொல்லாமல் போய்விடுகிற அந்த மனிதர். தெருமுனையில் செருப்புச் சத்தம் திரும்பி வருகிறதா என்று நான் காது வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது எதற்கும் காது வைக்க வேண்டியதில்லை. எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் பழக்கத்தில் காது வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. அவருக்கு ஒன்றும் இல்லை. புத்தியில் ஒன்றும் இருந்ததில்லை. அவரை இப்படி ஆக்கியது நான். அந்த ஒரு வரியில் நான் போட்ட பூஜ்யம், அதற்குமேல் என் வாய்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அவரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். பெஞ்சில் நான் உட்கார வைத்த இடத்திலேயேதான் இருப்பார். வெயில் அந்தப் பக்கம் வந்திருக்கும், நகர்ந்திருக்கமாட்டார்.

நீங்கள் சொல்வதை முழுக்கக் கேட்பார். நடுவில் பேசமாட்டார். கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படியா அம்மணி?" என்பார்.

அவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை, டாக்டர்.